காலை எடுக்கச் சொல்கிறார்களா? அதற்கு முன் ‘ஃப்ளாப் சர்ஜரி’ பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்!

“சர்க்கரைக்காரங்களுக்கு கால்ல புண்ணு வந்தா ஆறாதுப்பா... கடைசியில காலை எடுத்துடுவாங்க!”

இந்த வார்த்தைகளைக் கேட்காத குடும்பம் நம் ஊரில் அநேகமாக இருக்காது. பெரியப்பாவுக்கோ, பக்கத்து வீட்டு அக்காவுக்கோ அப்படி நடந்ததைப் பார்த்த பயம்தான் இதைப் பேச வைக்கிறது. பயத்தில் சிலர் புண்ணை மறைத்து வைக்கிறார்கள். சிலர் மாதக்கணக்கில் டிரெஸ்ஸிங் மட்டுமே செய்துகொண்டிருக்கிறார்கள். “ஆஸ்பத்திரிக்குப் போனா வெட்டிடுவாங்க” என்று நாட்களைத் தள்ளி, உண்மையிலேயே வெட்ட வேண்டிய நிலையில் போய்ச் சேருகிறார்கள்.

பைக் விபத்தில் கணுக்காலில் சதை பெயர்ந்து, எலும்பு வெளியே தெரிய ஆம்புலன்ஸில் வருபவரின் குடும்பத்துக்கும் இதே பயம்தான். “கால் தங்குமா டாக்டர்?”

டிரெஸ்ஸிங்குக்கும் காலை எடுப்பதற்கும் நடுவே இன்னொரு வழி இருக்கிறது. உடலின் வேறு இடத்திலிருந்து, ரத்த ஓட்டம் உள்ள உயிருள்ள சதையையும் தோலையும் கொண்டுவந்து புண்ணை மூடும் ‘ஃப்ளாப் சர்ஜரி’தான் அது. எல்லோருக்கும் பொருந்தாது. ஆனால், பொருந்தக்கூடிய பலருக்கு இப்படி ஒரு சிகிச்சை இருப்பதே தெரியாது. தெரிந்துகொள்ளும்போது காலம் கடந்திருக்கும்.

காலுக்கு மட்டும் ஏன் இந்தக் கஷ்டம்?

உங்கள் தொடையைக் கிள்ளிப் பாருங்கள். தோல், கொழுப்பு, அதன் கீழே கனமான தசை எனக் கையில் நிறைய அகப்படும். இப்போது கணுக்காலைக் கிள்ளிப் பாருங்கள். மெல்லிய தோல், உடனே எலும்பு. நடுவில் மெத்தை எதுவும் இல்லை. தொடையில் தோல் பிய்ந்தால் அடியில் இருக்கும் தசை காப்பாற்றும். கணுக்காலில் தோல் போனால் எலும்பும் தசைநாணும் நேரடியாக வெளியே வந்துவிடும். அக்கம்பக்கத் தோலை இழுத்துத் தைக்கலாம் என்றால், அங்கே இழுக்கவும் தோல் மிச்சமில்லை.

இன்னொரு விஷயம், தூரம். இதயத்திலிருந்து ரத்தம் கடைசியாக வந்து சேரும் இடம் பாதம். முழங்காலுக்குக் கீழே மூன்று முக்கிய ரத்தக்குழாய்கள் பாதத்தை நோக்கி இறங்குகின்றன. சர்க்கரை நோயில் அதிகம் அடைபடுவது முழங்காலுக்குக் கீழே உள்ள இந்தக் குழாய்கள்தான். புகைப்பழக்கமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

குதிகால் இன்னும் விசேஷமானது. அங்கே தோல் தடிமனாக இருக்கும். அதன் அடியில் கொழுப்பு சின்னச் சின்ன அறைகளில் அடைபட்டு, ஷாக் அப்சார்பர்போல வேலை செய்யும். ஒவ்வொரு அடியிலும் உடலின் எடையைத் தாங்குவது அந்த அமைப்புதான். அது சிதைந்துவிட்டால் அதே போன்ற இன்னொன்றை உடலில் தேடிப்பிடிப்பது கடினம்.

வலி தெரியாததுதான் ஆபத்து!

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் - இந்தியாப் ஆய்வின்படி, இந்தியாவில் சர்க்கரை நோயுடன் வாழ்பவர்கள் சுமார் 10.1 கோடி பேர். சர்க்கரை நோயாளிகளில் 19 முதல் 34 சதவிகிதம் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது பாதத்தில் புண் வரலாம் என்று மருத்துவ ஆய்வுகள் கணிக்கின்றன.

பல ஆண்டுகள் கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, பாதத்து நரம்புகளை மரத்துப்போகச் செய்கிறது. செருப்புக்குள் கிடக்கும் சிறு கல் தெரியாது. ஆணி குத்தினால் தெரியாது. உச்சி வெயிலில் கோயில் பிரகாரத்தைச் சுற்றிவந்து, வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்காலில் கொப்புளம். வலித்திருந்தால் அந்தக் காலை ஊன்றாமல் நொண்டி நடந்திருப்பார்கள். வலிக்காததால் அதே புண்ணை ஊன்றி ஊன்றி நடக்கிறார்கள். புண் ஆழமாகி, எலும்பு வரை கிருமி போய்ச் சேர்கிறது.

விபத்துக் காயத்தில் கதை வேறு. நேற்று வரை நல்ல ரத்த ஓட்டத்துடன் இருந்த கால், ஒரு நொடியில் சிதைகிறது. லாரிச் சக்கரம் ஏறியிருக்கலாம். பைக்கின் பின் சக்கரக் கம்பியில் குழந்தையின் குதிகால் சிக்கியிருக்கலாம். ஆனால், இரண்டு புண்களும் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கின்றன: திறந்து கிடக்கும் எலும்பை எதைக்கொண்டு மூடுவது?

தோல் ஒட்டு வேறு... ஃப்ளாப் வேறு!

“தொடையிலேர்ந்து தோலை எடுத்து ஒட்டுவாங்களே, அதுதானே?” என்று பலரும் கேட்பார்கள். அது ஸ்கின் கிராஃப்ட் எனப்படும் தோல் ஒட்டு. அதில் எடுக்கப்படும் மெல்லிய தோலுக்குச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. எங்கே ஒட்டுகிறார்களோ, அந்த இடத்திலிருந்து ரத்தத்தை உறிஞ்சித்தான் அது பிழைக்க வேண்டும். புண்ணின் தரை சிவந்து, ஆரோக்கியமான சதையோடு இருந்தால் தோல் ஒட்டு நன்றாகப் பிடிக்கும். எளிய சிகிச்சை, செலவும் குறைவு.

ஆனால், நாற்று பிடிக்க வேண்டுமானால் கீழே சேறு வேண்டும். பாறையில் நட்ட நாற்று காய்ந்துவிடும். மேலுறை உரிந்த எலும்பும், உறையிழந்த தசைநாணும் அந்தப் பாறையைப் போன்றவை. அவற்றின் மேல் வைத்த தோல் ஒட்டு சில நாளில் கறுத்து உதிர்ந்துவிடும்.

ஃப்ளாப் என்றால் மடல். தபால் உறையின் மேல்மூடிபோல, ஒரு பக்கம் ஒட்டியிருக்க மறுபக்கம் திறந்து மடங்குவது. தோலையும் அதன் அடியில் உள்ள கொழுப்பையும், தேவைப்பட்டால் தசையையும், அவற்றுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயோடு சேர்த்து நகர்த்துவதுதான் ஃப்ளாப் சர்ஜரி. வேரும் வேர்மண்ணுமாகத் தோண்டியெடுத்து வேறு இடத்தில் வைக்கும் வாழைக்கன்றைப் போல, தன் உணவைத் தானே கொண்டுவருகிறது. அதனால் எலும்பின் மேலும் உயிரோடு இருக்கும். அடியில் இருக்கும் எலும்புக்கும் ரத்தம் கொடுத்து, கிருமியோடு போராடவும் உதவும்.

மூக்கில் தொடங்கிய கதை

இந்த உத்தி நம் மண்ணுக்குப் புதிதல்ல. அறுபட்ட மூக்கைக் கன்னத் தோலைக்கொண்டு சீரமைப்பது பற்றி சுஸ்ருத சம்ஹிதை பேசுகிறது. 1794 அக்டோபரில் லண்டனிலிருந்து வெளிவந்த ‘ஜென்டில்மேன்ஸ் மேகஸின்’ ஓர் இந்திய அறுவை சிகிச்சையைப் படத்தோடு வெளியிட்டது. ஆங்கிலேயப் படையில் மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர், திப்பு சுல்தானுடனான போரில் பிடிபட்டு மூக்கை இழந்தவர். புனே பக்கத்தில் ஒரு நாட்டு வைத்தியர், அவருடைய நெற்றித் தோலை வேர் அறுக்காமல் திருப்பி இறக்கிப் புது மூக்கு செய்தார். இதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற லண்டன் மருத்துவர், 1814-ல் அதே முறையைத் தானும் செய்துபார்த்தார். அந்த நெற்றித் தோலும் ஒரு ஃப்ளாப்தான்.

காலுக்கு இது எளிதாக வரவில்லை. 19-ம் நூற்றாண்டில் வந்த முறையில், ஒரு காலின் சதையை மறுகாலின் புண்ணில் தைத்து, இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டி, சுமார் மூன்று வாரம் படுக்க வைப்பார்கள். புது இடத்தில் ரத்த ஓட்டம் பிடித்த பிறகு வெட்டிப் பிரிப்பார்கள். வேறு வழியில்லாத சில நோயாளிகளுக்கு இன்றும் இது கைகொடுக்கிறது.

பெரிய திருப்பம் 1973-ல் வந்தது. இடுப்புப் பகுதியின் தோலை ரத்தக்குழாயோடு முழுமையாக வெட்டியெடுத்து, அடிபட்ட காலில் வைத்து, மைக்ரோஸ்கோப்பின் கீழ் குழாயோடு குழாயைத் தைத்துக் காட்டினர் ஆஸ்திரேலியாவில் டெய்லரும் டேனியலும். ‘ஃப்ரீ ஃப்ளாப்’ என்ற சொல் மருத்துவத்தில் நிலைபெற்றது அப்போதுதான்.

எந்த இடத்துக்கு எந்த ஃப்ளாப்?

புண் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, எந்த ரத்தக்குழாய் நன்றாக இருக்கிறது என்பதைப் பொறுத்து மருத்துவர் முடிவெடுப்பார்.

சூரல் ஃப்ளாப்: குதிகாலின் பின்பக்கம், கணுக்கால் புண்களுக்கு அதிகம் பயன்படுவது. கெண்டைக்காலின் பின்புறத் தோலைத் தலைகீழாகக் கீழே மடக்கிக் கொண்டுவருவார்கள். 1992-ல் பிரான்ஸின் மாஸ்கலே எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. மைக்ரோஸ்கோப் தேவையில்லை என்பதால் சிறிய மருத்துவமனைகளிலும் செய்யலாம். வெளிக்கணுக்காலுக்கு மேலே சுமார் 5 செ.மீ. உயரத்தில் வரும் சின்ன ரத்தக்குழாய்கள்தான் இதற்கு உயிர்நாடி. பாதத்தின் வெளி ஓரத்தில் கொஞ்சம் மரத்துப்போவது இதில் நாம் கொடுக்கும் விலை.

மீடியல் பிளாண்டர் ஃப்ளாப்: உள்ளங்காலின் நடுக்குழிவு தரையில் அழுந்தாது. அந்த இடத்துத் தோலை எடுத்துக் குதிகாலில் வைப்பார்கள். அதே தடிமன், அதே தன்மை. நரம்போடு சேர்த்தே எடுப்பதால் உணர்வும் தங்கும். குதிகாலுக்கு இதைவிடப் பொருத்தமான தோல் வேறில்லை. ஆனால், அளவு சிறியது.

புரொப்பெல்லர் ஃப்ளாப்: ஒரே ஒரு சிறு ரத்தக்குழாயை அச்சாக வைத்து, பக்கத்துத் தோலை மின்விசிறியின் இறக்கைபோலச் சுழற்றி, புண்ணின் மேல் கொண்டுவருவது.

ஃபில்லெட் ஃப்ளாப்: ஒரு விரலின் எலும்பு கெட்டுப்போய், அதன் தோல் மட்டும் நன்றாக இருந்தால், எலும்பை அகற்றிவிட்டு அந்த விரலின் தோலைக்கொண்டே பக்கத்துப் புண்ணை மூடுவது.

ஃப்ரீ ஃப்ளாப்: பெரிய புண்களுக்கு. தொடையின் வெளிப்பக்கத் தோலையோ, முதுகுத் தசையையோ ரத்தக்குழாயோடு எடுத்து, காலின் ரத்தக்குழாயில் இணைப்பார்கள். குழாய்களின் விட்டம் 1 முதல் 3 மி.மீ. தைக்கும் நூல் தலைமுடியைவிட மெல்லியது. ஆறு முதல் எட்டு மணி நேரம்கூட ஆகலாம். பயிற்சி பெற்ற குழு இருக்கும் இடத்தில்தான் செய்ய முடியும்.

விபத்துக் காயம்: நாட்களை எண்ணுங்கள்!

ஸ்லோவேனியாவின் லுப்லியானா நகரைச் சேர்ந்தவர் மார்கோ கொடினா. கை, கால் சிதைந்து வந்த 532 பேருக்கு ஃப்ரீ ஃப்ளாப் செய்த அனுபவத்தை ஆராய்ந்தார். விபத்து நடந்து 72 மணி நேரத்துக்குள் புண்ணை மூடியவர்களில் ஃப்ளாப் தோற்றது 0.75 சதவிகிதம்தான். 72 மணி நேரத்துக்குப் பிறகு மூன்று மாதத்துக்குள் செய்தவர்களில் அது 12 சதவிகிதம். முதல் குழுவில் கிருமித்தொற்றும் 1.5 சதவிகிதம் மட்டுமே. 1986-ல் இந்தக் கட்டுரை அச்சானபோது கொடினா உயிரோடு இல்லை. அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒரு கார் விபத்து அவர் உயிரைப் பறித்திருந்தது. சீக்கிரம் சுத்தம் செய், சீக்கிரம் மூடு என்ற அவருடைய பாடம் இன்றும் உலகெங்கும் சொல்லித்தரப்படுகிறது.

நம் ஊரின் பங்களிப்பும் இதில் பெரிது. எலும்பு முறிவையும் தோலையும் தனித்தனியாகப் பார்க்காமல், எலும்பு மருத்துவரும் பிளாஸ்டிக் சர்ஜனும் முதல் நாளிலிருந்தே சேர்ந்து முடிவெடுக்கும் முறைக்குப் பெயர்பெற்றது கோவை கங்கா மருத்துவமனை. அங்கே மருத்துவர்கள் எஸ்.ராஜசேகரன், எஸ்.ராஜா சபாபதி ஆகியோரின் குழு உருவாக்கிய மதிப்பெண் முறை, 2006-ல் சர்வதேச மருத்துவ இதழில் வெளியானது. தோல், எலும்பு, தசை மூன்றுக்கும் காயத்தின் தீவிரத்தைப் பொறுத்து தலா 1 முதல் 5 வரை மதிப்பெண். 12 மணி நேரத்துக்கு மேல் தாமதம், சாக்கடையோ தொழுவ மண்ணோ பட்ட காயம், 65-ஐத் தாண்டிய வயது, மருந்து எடுத்துக்கொள்ளும் சர்க்கரை நோய் போன்ற ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக 2. மொத்தம் 14 வரை இருந்தால் காலைக் காப்பாற்ற முயலலாம். 17-ஐத் தொட்டால் பெரும்பாலும் எடுப்பதே நல்லது. 15, 16 என்றால் அனுபவமுள்ளவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும். “எடுக்கணுமா, வைக்கணுமா?” என்ற கேள்விக்கு மருத்துவரின் மனநிலையைத் தாண்டி ஓர் அளவுகோல் கிடைத்தது.

விபத்து நடந்த இடத்தில் நீங்கள் இருந்தால், ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். 108-ஐ அழையுங்கள். மஞ்சள்தூள், காபித்தூள், பேஸ்ட் எதையும் காயத்தில் போடாதீர்கள். தொங்கிக்கொண்டிருக்கும் தோலை ‘எப்படியும் போயிடும்’ என்று வெட்டிவிடாதீர்கள். அதைச் சேர்த்தே மூடிக் கொண்டுபோங்கள். மருத்துவமனையில் ஆன்டிபயாட்டிக் ஊசி எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ, அவ்வளவு நல்லது.

சர்க்கரைப் புண்: முதலில் ரத்த ஓட்டம்!

சர்க்கரை நோயாளிக்கு அவசரமாக ஃப்ளாப் வைத்துவிட முடியாது. அதற்கு முன் வரிசையாகச் சில வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, கிருமியை விரட்டுவது. சீழைத் திறந்து விட்டு, அழுகிய சதையையும் கெட்டுப்போன எலும்பையும் வெட்டி எடுத்துச் சுத்தம் செய்வார்கள். ஒரு தடவையில் முடியாமல் போகலாம். “திரும்பத் திரும்ப தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போறாங்களே” என்று குடும்பத்தினர் கலங்குவது இந்தக் கட்டத்தில்தான். சுத்தம் செய்யாத புண்ணின் மேல் ஃப்ளாப் வைப்பது, சாக்கடைக்கு மேல் டைல்ஸ் ஒட்டுவதைப் போன்றது. இந்த நாட்களில் புண்ணின் மேல் ஸ்பாஞ்ச் வைத்து, மெஷினால் கசிவை உறிஞ்சும் ‘வேக்’ டிரெஸ்ஸிங் உதவும். அது புண்ணைத் தயார் செய்யும். எலும்பு திறந்திருக்கும் பெரிய புண்ணுக்கு, ஃப்ளாப்புக்கு மாற்றாக அதையே நம்பியிருக்க முடியாது.

இரண்டாவது, ரத்த ஓட்டத்தைப் பார்ப்பது. கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடுவார்கள். விகிதம் 0.9-க்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்கலாம். ஆனால், சர்க்கரை நோயில் குழாய்களில் சுண்ணாம்பு படிந்து விறைத்துப்போவதால், இந்த அளவு பொய்யாக நன்றாகக் காட்டவும் கூடும். அதனால் விரலில் அழுத்தம் பார்ப்பது, டாப்ளர் ஸ்கேன், தேவைப்பட்டால் ஆஞ்சியோகிராம் என்று போவார்கள். அடைப்பு இருந்தால், இதயத்துக்குச் செய்வதுபோலவே காலுக்கும் பலூன் ஆஞ்சியோபிளாஸ்டியோ, பைபாஸோ செய்து வழியைத் திறக்கலாம். அதற்குப் பிறகுதான் ஃப்ளாப்.

மூன்றாவது, உடலைத் தேற்றுவது. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, ரத்தசோகையைச் சரிசெய்து, புரதம் ஏற்றி, சிறுநீரகத்தையும் இதயத்தையும் பரிசோதிப்பார்கள். “புண் இருக்கு, முட்டை சாப்பிட்டா சீழ் பிடிக்கும்” என்று பத்தியம் போடுவது இந்த நேரத்தில் கெடுதல். புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும்.

இவ்வளவு செய்தால் பலன் உண்டா? தென் கொரியாவின் சோல் நகரில், சர்க்கரைப் புண்ணுக்குச் செய்யப்பட்ட 121 ஃப்ரீ ஃப்ளாப்களின் முடிவுகளை 2013-ல் வெளியிட்டார்கள். சுமார் 92 சதவிகித ஃப்ளாப்கள் பிழைத்தன. சுமார் 85 சதவிகிதக் கால்கள் காப்பாற்றப்பட்டன. ‘சர்க்கரை நோயாளிக்கு இதெல்லாம் பிடிக்காது’ என்ற பழைய நம்பிக்கையை இப்படிப்பட்ட முடிவுகள் அசைத்துவிட்டன. அது அனுபவம் மிகுந்த பெரிய மையம் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு...

முதல் இரண்டு, மூன்று நாட்கள் மிக முக்கியம். நர்ஸ்கள் அடிக்கடி வந்து ஃப்ளாப்பின் நிறத்தையும் சூட்டையும் பார்ப்பார்கள். வெளிறிப் போனால் ரத்தம் வரவில்லை. நீலம் பாய்ந்தால் ரத்தம் வெளியேறவில்லை. இரண்டில் எது நடந்தாலும் உடனே மறுபடி தியேட்டர். நேரத்தோடு கண்டுபிடித்தால் காப்பாற்றிவிடலாம். கூட இருப்பவர்கள் செய்யக்கூடியது, காலை உயர்த்தி வைத்திருப்பது, ஃப்ளாப்பின் மேல் எதுவும் அழுத்தாமல் பார்த்துக்கொள்வது. புகை வாடையே கூடாது.

ஒரு வாரம், பத்து நாள் கழித்து, சில நிமிடங்கள் மட்டும் காலைக் கீழே தொங்கவிடப் பழக்குவார்கள். அந்த நேரத்தை மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். காலை ஊன்றி நடக்க ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை ஆகலாம். எலும்பு முறிவும் இருந்தால் இன்னும் கூடும். ஃப்ளாப் முதலில் புடைத்துக்கொண்டு அசிங்கமாகத் தெரியலாம். வீக்கம் வடிந்த பிறகும் செருப்புக்குள் அடங்கவில்லை என்றால், பிறகு ஒரு சிறு ஆபரேஷனில் மெலிதாக்குவார்கள்.

எடுப்பதே நல்லது என்கிற நேரம்

எல்லாக் கால்களையும் காப்பாற்ற முடியாது. காப்பாற்றவும் கூடாது. கிருமி ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்து என்றால், காலைவிட உயிர் பெரிது. மூன்று ரத்தக்குழாய்களும் அடைபட்டு, திறக்கவும் வழியில்லை என்றால் ஃப்ளாப் நிற்காது. ஏற்கெனவே படுத்த படுக்கையாக இருப்பவருக்கு நீண்ட ஆபரேஷனால் நன்மையைவிடத் துன்பமே அதிகம்.

அமெரிக்காவில் கால் கடுமையாகச் சிதைந்த 569 பேரைப் பின்தொடர்ந்த ‘லீப்’ ஆய்வு 2002-ல் வெளியானது. காலைக் காப்பாற்றிக்கொண்டவர்களும், எடுத்துவிட்டுச் செயற்கைக்கால் பொருத்தியவர்களும், இரண்டு ஆண்டு முடிவில் அன்றாட வாழ்க்கையில் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். காலைக் காப்பாற்றியவர்களில் மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் அதிகம். காலை எடுத்துவிட்டால் வாழ்க்கை முடிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். அழுகிய ஒரு விரலை நேரத்தோடு எடுப்பது மொத்தப் பாதத்தையும் காப்பாற்றும். விரல்தானே என்று அஞ்சி ஒப்புக்கொள்ளாமல், முழங்கால் வரை இழந்தவர்கள் உண்டு.

செலவுக்கு என்ன செய்வது?

பல குடும்பங்கள் தயங்கி நிற்பது இங்கேதான். சென்னையில் ஸ்டான்லி, ராஜீவ் காந்தி, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைகள், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்றவற்றில் பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. உங்களுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை எந்த மருத்துவமனையில், எந்த அளவுக்குக் காப்பீட்டில் வரும் என்பதை, அட்மிஷனுக்கு முன்பே அங்குள்ள காப்பீட்டு உதவி மையத்தில் கேட்டுவிடுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. புண்ணின் அடியில் எலும்போ, தசைநாணோ தெரிகிறதா?

2. எலும்புக்குள் கிருமி போயிருக்கிறதா? அதற்கு என்ன பரிசோதனை செய்தீர்கள்?

3. காலுக்கு ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது? அடைப்பு இருந்தால் திறக்க முடியுமா?

4. பிளாஸ்டிக் சர்ஜனிடம் ஒரு முறை காட்டலாமா? இங்கே இல்லை என்றால் எங்கே போகலாம்?

5. காப்பாற்ற முயன்றால் எத்தனை ஆபரேஷன், எத்தனை மாதம், என்ன செலவு?

6. எடுக்கத்தான் வேண்டும் என்றால், எந்த மட்டம் வரை? செயற்கைக்கால் வைத்து நடக்க முடியுமா?

இந்தக் கேள்விகளைக் கேட்பது மருத்துவரைச் சந்தேகப்படுவதாகாது. ஆனால், காய்ச்சல், துர்நாற்றம், வேகமாகப் பரவும் சிவப்பு, கறுத்துப்போன விரல் இவற்றில் ஒன்று இருந்தாலும், இரண்டாவது கருத்துக்காக ஊர் ஊராக அலையாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனையில் சேருங்கள்.

ஆறிய காலைக் காப்பதே பெரிய வேலை

ஆறிய சர்க்கரைப் புண், ஓராண்டுக்குள் சுமார் 40 சதவிகிதம் பேருக்குத் திரும்ப வருகிறது. ஐந்து ஆண்டுகளில் அது 65 சதவிகிதத்தை எட்டுகிறது. ஃப்ளாப் வைத்த இடத்தில் பெரும்பாலும் உணர்வு இருக்காது என்பதால் கவனம் இன்னும் அதிகம் வேண்டும்.

இதை உலகுக்குப் புரியவைத்தவர்களில் ஒருவர் கொல்லிமலையில் பிறந்தவர். மருத்துவர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சி.எம்.சி-க்கு வந்து, தொழுநோயாளிகளின் கை கால்களுக்காக உழைத்தவர். அவர்களின் விரலும் பாதமும் அழிவதற்குப் பெரிய காரணம், உணர்வில்லாத இடத்தில் திரும்பத் திரும்ப ஏற்படும் காயமே என்று கண்டுகொண்டார். இரவில் எலி கடித்தும் தெரியாமல் தூங்கிய நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார். பாதத்து அழுத்தத்தைப் பரவலாக்கும் மாவுக்கட்டைப் போட்டுப் புண்களை ஆற்றினார். பின்னாளில் அமெரிக்கா சென்றவர், அதே கட்டைச் சர்க்கரை நோயாளிகளுக்கும் போட்டார். உள்ளங்கால் புண்ணுக்கு இன்றும் சிறந்த சிகிச்சைகளில் ஒன்று அது.

அந்தப் பாடத்தை வீட்டில் இப்படிக் கடைப்பிடிக்கலாம்...

தினமும் இரவில் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கண் மங்கலென்றால் பேரப்பிள்ளைகளிடம் செல்போனில் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விரல் இடுக்கை மறக்க வேண்டாம்.

வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். எம்.சி.ஆர் செருப்பு போன்ற மெத்தென்ற, பின்பட்டை உள்ள செருப்பு நல்லது. போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். வேண்டுதல், பாதயாத்திரை, வெயில் நேரப் பிரகாரம் என்று வெறுங்காலில் நடக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்.

கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். ஒரு பாதம் மட்டும் வலியில்லாமல் வீங்கிச் சூடாக இருந்தால், சுளுக்கு என்று எண்ணெய் தேய்க்காமல் மருத்துவரிடம் போங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது பாத உணர்வுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிட வேலை.

உங்கள் வீட்டிலோ, தெருவிலோ யாருக்காவது கால் புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருக்கிறதா? இன்றைக்கே அழைத்துப் போங்கள். அந்தக் கால் தங்குவதற்கான வாய்ப்பு இன்று இருக்கும் அளவுக்கு அடுத்த மாதம் இருக்காது.